செல்லக்கிளி அறுத்த வலை

மழைத்தண்ணீர் ஓரிடத்தில் தேங்கி நிற்கும் என்பதைச் செல்லக்கிளி கல்யாணமான பிறகுதான் தெரிந்துகொண்டாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவள் பிறந்தது உடன்குடிக்குத் தெற்கே, செம்மணல் தேரியின் ஓரத்தில். அங்கே வானம் எவ்வளவு கொட்டினாலும் மணல் குடித்துவிடும். மழை விட்டு அரை மணி நேரத்தில் காலில் ஈரம் ஒட்டாது. அப்பா பனையேறி, அம்மா பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுபவள். கிணற்றுக்குள்ளும் குடத்துக்குள்ளும் இருப்பதுதான் தண்ணீர் என்று நினைத்து வளர்ந்தவள் அவள். கடலும் பக்கத்தில்தான் இருந்தது. அதை அவள் தண்ணீர்க் கணக்கில் சேர்த்ததில்லை.

அவளைக் கட்டிக்கொடுத்த ஊர் செம்மடையூர். ஏரலுக்கு மேற்கே, தாமிரபரணியை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. மாப்பிள்ளை சுடலைமாடன் வயல்வேலைக்குப் போகிறவன். கல்யாணம் கார்த்திகையில் நடந்தது. பெண்ணை அழைத்து வந்த வேன் ஊருக்குள் நுழையும்போது பெரியகுளத்துக் கரைமேல் ஏறியது. வலப்பக்கம் பார்த்தாள். அக்கரை கண்ணுக்கு எட்டாத அளவுக்குத் தண்ணீர். இடப்பக்கம் பார்த்தாள். அந்தத் தண்ணீர் மட்டத்துக்கும் கீழே ஊர் இருந்தது. ஓட்டுக்கூரைகள், கோயில், பள்ளிக்கூடம், அதற்கப்பால் நடவு முடிந்த வயல்கள். மணப்பெண் பேசக் கூடாது என்பதெல்லாம் மறந்து அவள் வாய்விட்டுக் கேட்டாள்.

“இந்தத் தண்ணி அந்தப் பக்கம் விழுந்துராதா?”

“கரை இருக்குல்லா” என்றான் சுடலைமாடன்.

“வெறும் மண்ணுதான?”

“மண்ணுதான்.”

வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செல்லக்கிளி சிரிக்கவில்லை. முழங்கால்களை இறுகப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவள் பயத்தைப் போக்கத்தான் மறுநாள் அவன் அவளைக் கலுங்குக்குக் கூட்டிக்கொண்டு போனான். கரையின் வடகோடியில், மண் முடிகிற இடத்தில், கல்லால் கட்டிய அகலமான தளம். கரையைவிட ஓர் ஆள் மட்டம் தாழ்வு. தளத்தின்மேல் வரிசையாக நட்ட குத்துக்கற்கள். குளம் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் அந்தக் கற்களுக்கு இடையே வழிந்து ஓடைக்குள் இறங்கும். ஓடை ஊரைச் சுற்றிக்கொண்டு கீழே இருக்கிற தாழைக்குளத்துக்குப் போகும். அந்தக் குளம் நிறைந்தால் ஆற்றுக்கு. அதேபோல மேலே மேட்டுக்குளம் நிறைந்தால்தான் பெரியகுளத்துக்கு. இதற்கு மறுகால் பாய்வது என்று பெயர். அன்றைக்கு மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. செல்லக்கிளி சேலையை உயர்த்திக்கொண்டு அந்தக் கல்தளத்தின் ஓரத்தில் நின்றாள். தண்ணீர் கணுக்காலைத் தழுவிக்கொண்டு போனது. காட்டில் பெய்த மழை, ஒரு குளத்தில் தங்கி, இளைப்பாறி, அடுத்த குளத்துக்கு நடந்து போகிறது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அப்புறம் எத்தனையோ வருஷம் கழித்து என்னிடம் இதைச் சொல்லும்போதுகூட அவள் முன்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

அந்த ஊரில் நடவும் களையும் அறுப்பும் கற்றுக்கொண்டாள். நீச்சல் மட்டும் கடைசிவரை வரவில்லை. ஒரே மகள் சுகன்யா. அவள் வளர்ந்து நாகர்கோவிலில் நர்சிங் படிக்கப் போனாள். அந்தச் சமயத்தில்தான் ஊர்ப் பெண்கள் சேர்ந்து மகளிர் குழு ஒன்றை ஆரம்பித்தார்கள். வயல்வேலை வருஷம் முழுக்கக் கிடைப்பதில்லை. குளத்து மீன்குத்தகையை நாமே எடுத்தால் என்ன என்று செல்லக்கிளிதான் பேச்சைத் தொடங்கினாள். நீந்தத் தெரியாதவள் குளத்தைக் கேட்கிறாள் என்று கேலி பேசினார்கள். ஆனாலும் எடுத்தார்கள். கட்லாவும் ரோகுவும் குஞ்சாக வாங்கி விட்டார்கள். தவிடும் பிண்ணாக்கும் போட்டார்கள். வெயில் ஏறும் முன்பு செல்லக்கிளி கரையில் நின்று தீனி வீசினால், தண்ணீர் கொதிப்பதுபோல மீன்கள் மேலே வரும்.

குளத்து மீனுக்கு ஒரு குணம் உண்டு. மறுகால் பாயும்போது ஓடுகிற தண்ணீரைத் தேடிப் போகும். ஒரு நல்ல மழையில் பாதி மீன் கலுங்கு வழியாகத் தாழைக்குளத்துக்கு இறங்கிவிடும். அதனால் மீன்குத்தகை எடுக்கிறவர்கள் கலுங்கை அடைத்து வலை கட்டுவது வழக்கம். குழுவும் கட்டியது. குத்துக்கல்லுக்குக் குத்துக்கல் கம்பி ஓட்டி, தடித்த நைலான் வலையை இழுத்து, அதன் தலைக்கயிற்றைக் கரையோரம் அடித்திருந்த இரும்புத் தூணில் முடிந்தார்கள். நல்ல வலை. ஒரு விரல் நீள மீன்கூடத் தப்பாது.

2023 ஐப்பசியில் குளங்களைப் பார்வையிட வந்த என்ஜினியர் சுப்ரஜா அந்த வலையைப் பார்த்து நின்றுவிட்டார். தச்சநல்லூர்க்காரப் பெண். கோபப்படவில்லை.

“அக்கா, மீன் போகாதுங்கறது சரி. குப்பையும் போகாதுல்லா? ஆகாயத்தாமரை, முள்ளு, மட்டை எல்லாம் வந்து இதுல அடைஞ்சா கலுங்கே இல்லாத குளம் மாதிரி ஆயிரும்.”

“கரை நல்லா உசரமாத்தான இருக்கு, அம்மா?”

“கரை பிடிச்சுத்தான் வைக்கும், அக்கா. விடத் தெரியாது. விடுறது கலுங்கு. இவ்வளவு பெரிய மழையை வாங்கி வெச்சுக்கிட்டு, கீழே இருக்கிறவங்க தாங்குற அளவுக்குப் பைய பைய விடணும். அதுக்குத்தான் குளம். கரை உடைஞ்சா மொத்தமும் ஒரே மூச்சுல வரும்.”

மழை பலமாக வந்தால் எடுத்துவிடுகிறோம் என்று செல்லக்கிளி வாக்குக் கொடுத்தாள். மனசாரத்தான் கொடுத்தாள். ஆனால் அந்த வருஷம் கார்த்திகை முழுக்க மழை போக்குக் காட்டியது. குளம் முக்கால்வாசியில் நின்றது. தை பிறந்ததும் மீன் பிடிக்கலாம் என்று குழுப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். கட்லாக்கள் கைக்குழந்தை கனம் வந்திருந்தன. சுகன்யாவின் கடைசி வருஷப் படிப்பு அந்த மீனில் இருந்தது. மற்றப் பெண்கள் வீட்டிலும் அப்படி ஒவ்வொன்று.

மார்கழி பிறந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாளே பிடித்த மழை விடவில்லை. விடிந்தபோது அது மழையாகவே தெரியவில்லை. துளி என்று ஒன்று கிடையாது. வானத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு சுவர். எதிர்வீடு தெரியவில்லை. முற்றத்தில் கிடந்த அண்டா நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது. கவிழ்த்துவிட்டுத் திரும்பினால் மறுபடி நிறைந்திருந்தது.

காலையில் சுப்ரஜா போனில் கூப்பிட்டார். குரல் விட்டு விட்டுக் கேட்டது. “அக்கா, மேட்டுக்குளம் பலமா மறுகால் பாயுது. நான் வர முடியல, ரோட்டுல தண்ணி. வலையை எடுத்துட்டீங்களா?” அதற்குள் தொடர்பு அறுந்தது.

செல்லக்கிளியும் சுடலைமாடனும் கரைக்கு ஓடினார்கள். ஊரில் பாதிப்பேர் ஏற்கெனவே அங்கே நின்றார்கள். அவள் கலுங்கைப் பார்த்தாள். கலுங்கையே காணவில்லை. வலைமேல் ஆகாயத்தாமரை மெத்தைபோலச் சுருண்டு கிடந்தது. அதற்குள் உடைமுள், தென்னமட்டை, பாலித்தீன் பை, ஒரு முழு வாழைமரம். தண்ணீர் அந்தச் சுவரில் முட்டி நின்றது. அடியில் மட்டும் சீறிக்கொண்டு கொஞ்சம் வெளியேறியது. மறுபுறம் குளம் ஏறிக்கொண்டிருந்தது. கண் எதிரே ஏறியது. குளத்துக்குள் நட்டிருந்த அளவுகல் மூழ்கியிருந்தது. கரையின் உச்சிக்கு ஒரு முழம்தான் மிச்சம். வெளிச்சரிவில், கோயிலுக்கு நேர் மேலே, கலங்கல் தண்ணீர் கசியத் தொடங்கியிருந்தது. ஆண்களும் பெண்களும் சாக்கில் மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஏட்டி, அறுத்துருவோமா?” என்றான் சுடலைமாடன்.

குழுப் பெண்கள் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள். ஒருத்தியும் மீனைப் பற்றிப் பேசவில்லை.

“அறுத்துருவோம்” என்றாள். உடனே, “பொறுங்க பொறுங்க” என்றும் சொன்னாள். “தாழைக்குளத்துல என்ன நெலமைன்னு தெரியாம அறுத்தா, அவுக தலையில கொண்டு போட்ட மாதிரில்லா ஆவும்.”

தாழைக்குளத்துக்குக் கீழே இருப்பது இன்னோர் ஊர். அங்கே அவளுக்குத் தெரிந்தவன் ஹெப்ரான், வாழை விவசாயி. நல்லவேளை, போன் ஒரு தடவை கிடைத்தது.

“தம்பி, நாங்க வலையை அறுக்கப் போறோம். தண்ணி மொத்தமா வரும். ஒங்க கலுங்கு எப்படி கெடக்கு?”

“ஐயோ அக்கா, இங்கன கலுங்குல மண்மூட்டை அடுக்கியிருக்கோம். ரெண்டு பூ வெள்ளாமைக்குத் தண்ணி வேணும்னு மட்டத்தை ஏத்தி வெச்சோம். கொஞ்சம் பொறுங்க. ஆளைக் கூட்டிட்டுப் போயி எல்லாத்தையும் உருவிருதோம்.”

“முடிஞ்சதும் சொல்லுவியா?”

“போன் நிக்குமான்னு தெரியல அக்கா. முடிஞ்சதும் கோயில் மணியை அடிக்கேன். இன்னைக்கு ஆராதனைக்குக்கூட மணி அடிக்கல. அடிச்சா அது ஒங்களுக்குத்தான்.”

அவன் சொன்னது அவர்கள் ஊர்ச் சர்ச் மணியை. காற்று கிழக்கே இருந்து வந்தால் செம்மடையூர்வரை கேட்கும். அன்றைக்குக் காற்று எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

காத்திருந்தார்கள். செல்லக்கிளி வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படிக் காத்திருந்ததில்லை. சுடலைமாடன் அரிவாளைத் தீட்டிக் கையில் வைத்திருந்தான். கசிவு பெரிதாகியது. மண்மூட்டை ஒன்று அப்படியே சரிந்து உருண்டது. “எவனோ ஊருக்காக நம்ம ஊர் போகணுமா?” என்று ஒருவர் கத்தினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் வீடு கோயிலை ஒட்டியது. “நீங்க மூட்டையைப் போடுங்க அண்ணாச்சி, கரை இன்னும் நிக்கி” என்றாள் செல்லக்கிளி. கரை நிற்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வெறும் மண்ணுதானே. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். உள்ளங்காலுக்குக் கீழே கரை மெல்ல அதிர்ந்தது. தூக்கத்தில் மூச்சு விடுகிற மாட்டின்மேல் கை வைத்தாற்போல இருந்தது என்றாள் என்னிடம். யார் போட்ட கரையோ. எந்தக் காலத்து மனுஷர்கள் கூடையில் சுமந்து கொட்டிய மண்ணோ. அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்கள் அறியாத ஒருத்தி அதன்மேல் நிற்கிறாள், அது அவளைத் தாங்குகிறது. அந்த நேரத்தில் அவளுக்குப் பயம் போகவில்லை. ஆனால் பயத்துக்குள்ளேயே கும்பிடத் தோன்றியது.

முதலில் கேட்டது ஒரு பெண்பிள்ளை. “மணி!” என்றாள். எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். மழை இரைச்சல் மட்டும்தான். பிறகு அதற்குள், தண்ணீருக்கடியில் யாரோ பாத்திரம் தட்டுவதுபோல, டங் என்று ஒரு சத்தம். மறுபடி. மறுபடி. நிறுத்தாமல்.

செல்லக்கிளி கணவன் கையிலிருந்து அரிவாளை வாங்கினாள். இரும்புத் தூணில் முறுக்கேறி நின்ற தலைக்கயிற்றை அவளே கட்டியிருந்தாள். அவளே வெட்டினாள். கயிறு சாட்டைபோலப் பறந்தது. வலையின் ஒரு பக்கம் சரிந்து, தாமரை மெத்தை நடுவில் கிழிந்தது. ஆனால் வாழைமரம் இரண்டு கற்களுக்கு இடையே குறுக்காகச் செருகிக்கொண்டது. சுடலைமாடன் இடுப்பில் வடத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினான். கரையில் இருந்தவர்கள் எல்லோரும் வடத்தைப் பிடித்தார்கள், சற்று முன் கத்தியவர் உட்பட. அவன் கழுத்தளவுத் தண்ணீரில் கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மரத்தை வெட்டினான். மரம் முறிந்ததும் வலை மொத்தமும் பிய்ந்து அவன் காலைச் சுற்றி இழுத்தது. “இழுங்க! இழுங்க!” என்று செல்லக்கிளி கத்தியது ஊர்க்கோடிவரை கேட்டதாம். அவனைத் தூக்கிப் போட்டபோது கெண்டைக்காலில் கம்பி ஆழமாகக் கிழித்திருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. கலுங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கலுங்கு திறந்துகொண்டது. தண்ணீர் கல்தளம் முழுவதும் ஒரே பாளமாக எழும்பி, குத்துக்கற்களின் தலைக்குமேல் வளைந்து, ஓடைக்குள் விழுந்தது. பழுப்பு நிறம். அதன் சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சில் கேட்டது. அதோடு மீன்கள் போயின. பெரிய பெரிய கட்லாக்கள் அந்தப் பாளத்துக்குள் வெள்ளை வயிறு தெரியப் புரண்டு, ஒரு கணம் கண்ணாடிக்குள் இருப்பதுபோல நின்று, அப்படியே கீழே. ஒரு வருஷம் தீனி வீசி வளர்த்தவை. செல்லக்கிளி அழவில்லை. அந்த அழகைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றதாகச் சொன்னாள்.

தண்ணீர் ஊருக்குள் வரவில்லை. ஓடையைப் பிடித்துக்கொண்டது. கருவேலம் மண்டி, ஆடு மேய்க்கத்தான் ஆகும் என்று எல்லோரும் நினைத்திருந்த அந்தப் பள்ளம், வளைவு வளைவாக ஊரைச் சுற்றித் தாழைக்குளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எங்கே திரும்ப வேண்டும் என்று ஒருவரும் தண்ணீருக்குச் சொல்லவில்லை. குளம் உடனே இறங்கிவிடவும் இல்லை. ஏறுவது நின்றது. அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது. மழை மறுநாளும் கொட்டியது. வந்ததையெல்லாம் பெரியகுளம் வாங்கியது, தாங்கியது, அளந்து விட்டது. கசிவுக்கு மூட்டை மேல் மூட்டையாக அடுக்கினார்கள். கரை நின்றது.

எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. அந்த மழையில் எத்தனையோ குளங்கள் உடைந்தன. தாமிரபரணி கரை கொள்ளாமல் போனது. ஏரல் கடைத்தெருவில் தண்ணீர் ஆள் உயரத்துக்கு நின்றது. செம்மடையூரிலும் சில மண்சுவர்கள் விழுந்தன. ஆறு நிரம்பி நின்றதால் தாழைக்குளத்துத் தண்ணீரை அது வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றது. ஹெப்ரானின் வாழைகள் நாள்கணக்கில் தண்ணீருக்குள் நின்று அழுகின. ஆனால் தாழைக்குளமும் உடையவில்லை. மூட்டைகளை உருவியதால் பிழைத்தது. இரண்டு ஊரிலும் உயிர்ச்சேதம் இல்லை.

மழை விட்டதும் சுப்ரஜா டிராக்டரில் ஏறி வந்து சேர்ந்தார். கரையை நடந்து பார்த்தார். பிறகு ஊர்த் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிப் படம் எடுக்க வேண்டும் என்றார். செல்லக்கிளியும் கூடவே ஏறினாள். அவ்வளவு உயரத்தில் அவள் அதற்கு முன் நின்றதில்லை. மேற்கே மேட்டுக்குளம். அதன் கலுங்கிலிருந்து ஒரு வெள்ளிக்கோடு. காலடியில் பெரியகுளம். அதிலிருந்து இன்னொரு கோடு. கிழக்கே தாழைக்குளம், அதற்கப்பால் வானத்தோடு கலந்து கிடக்கிற ஆறு. ஒவ்வொரு குளமும் அடுத்ததைவிட ஒரு படி உயரம். வானத்திலிருந்து யாரோ இறங்கி வருவதற்குப் போட்ட படிகள்போல இருந்தன. மேட்டுக்குளத்துக்கும் மேலே, மங்கலாக, இன்னும் தண்ணீர் மின்னியது.

“அது என்ன குளம், அம்மா?”

“அதுக்கு மேலயும் இருக்கு, அக்கா. இங்கேருந்து தெரியாது.”

“இதையெல்லாம் இப்படிப் பாக்க அவுகளுக்கு ஏது தொட்டி, ஏது மாடி? எங்கன ஏறி நின்னு பாத்து வெட்டியிருப்பாக?”

சுப்ரஜா படம் எடுப்பதை நிறுத்தினார். “எனக்கும் அதுதான் தெரியல. நான் மெஷின் வெச்சு மட்டம் பாத்திருக்கேன். மட்டம் சரியா இருக்கு. அதுக்கு மேல எனக்கும் ஒண்ணும் ஓடல, அக்கா” என்றார்.

இரண்டு பெண்களும் வெயில் சுடும்வரை அங்கேயே நின்றார்கள்.

அந்த வருஷம் குழுவுக்குத் தையில் மீன் இல்லை. சுகன்யாவின் படிப்புக்குச் சுடலைமாடன், கால் ஆறியதும், கேரளத்துக்கு வேலைக்குப் போனான். படிப்பு முடிந்தது. அடுத்த குத்தகையின்போது கலுங்கில் யாரும் வலை கட்டக் கூடாது என்று ஊர் தீர்மானம் போட்டது. அப்படியானால் எங்களுக்கு வேண்டாம் என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். பெண்கள் குழுதான் மறுபடியும் எடுத்தது. போகிற மீன் போகட்டும் என்றாள் செல்லக்கிளி.

வைகாசியில் குளம் வற்றி நடுப்பள்ளத்தில் மட்டும் தண்ணீர் கிடந்தது. புதிதாக விட்ட குஞ்சுகள் எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்று பார்க்க ஒரு வலை வீசினார்கள். வலை இழுக்க முடியாத கனம். கரைக்குக் கொண்டுவந்து பிரித்தால், அவர்கள் ஒருநாளும் விடாத மீன்கள். தொடை பருமனுக்கு விரால், மீசை வைத்த கெளுத்தி, பெயர் தெரியாத வரிமீன் ஒன்று. வெள்ளத்தோடு மேலே இருந்து இறங்கி வந்து, இங்கேயே தங்கி வளர்ந்தவை. பெண்கள் சேற்றில் நின்று வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

செல்லக்கிளி மேட்டுக்குளத்துக் குத்தகைக்காரருக்குப் போன் போட்டாள். “அண்ணாச்சி, ஒங்க மீனெல்லாம் இங்கன கெடக்கு. வந்து பாத்து வாங்கிட்டுப் போங்க.”

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். “எங்க மீனா? நாங்க கட்லா மட்டும்தானம்மா விட்டோம். எங்க குளத்துலயும் இதே கததான். எங்களுக்கு மேல இருக்கவனைக் கேட்டேன். அவனும் எனக்குத் தெரியாதுங்கான்.”

அவள் போனை வைத்துவிட்டு மேற்கே பார்த்தாள். பிறகு குனிந்து, அந்த வரிமீனை மட்டும் இரண்டு கையாலும் அள்ளி, பள்ளத்துத் தண்ணீரில் பைய விட்டாள்.